பயாஸ் என்று பெயரிட்டவர்

தஞ்சோங் பகாரில் உள்ள எங்கள் வீட்டில் கிடந்த பழைய மடிக்கணினியைத் தம்பிக்காகச் சென்ற வாரம் சரிசெய்தேன். கணினியை முடுக்கியதும் எஃப்2 விசையை விடாமல் தட்டினேன். பயாஸ் திரை திறந்தது. தொடக்க வரிசையை மாற்றி, யுஎஸ்பி விரலியிலிருந்து புதிய இயங்குதளத்தை நிறுவினேன். பயாஸ் என்றால் என்ன என்று தம்பி கேட்டான். அதைத் தேடியபோதுதான் கேரி கில்டாலை அறிந்தேன்.

1942ல் அமெரிக்காவின் சியாட்டலில் பிறந்த அவர், கலிஃபோர்னியாவில் கடற்படை உயர்கல்விக் கழகத்தில் கணினியியல் கற்பித்தார். 1974ல் சிபி/எம் இயங்குதளத்தை உருவாக்கினார். அன்று கணினிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். அதனால் வன்பொருளை நேரடியாக இயக்கும் பகுதியை மட்டும் தனியே பிரித்து, அதற்கு பயாஸ் என்று பெயரிட்டார். புதிய கணினிக்கு அச்சிறு பகுதியை மட்டும் மாற்றி எழுதினால் போதும். மற்றவை அப்படியே இயங்கும்.

1980ல் ஐபிஎம் அவரது நிறுவனத்தை நாடியது, உடன்பாடு ஏற்படவில்லை. வாய்ப்பு பில் கேட்ஸின் மைக்ரோசாஃப்ட்டுக்குச் சென்றது. ஆனால், பயாஸ் என்ற பெயர் ஐபிஎம் கணினியிலும் நிலைத்தது. 1994ல், 52 வயதில், கில்டால் காலமானார்.

பில் கேட்ஸைத் தம்பிக்கு ஏற்கெனவே தெரியும். இப்போது கில்டாலையும் தெரியும்.