ஹம்பர்க் நகரத்து மண்புழு மனிதர்

பல்கலைக்கழக இறுதியாண்டில் ஆய்வேட்டுக்காக ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்புழு தோண்டினேன். நாற்பது புழுக்கள் கிடைத்தன. நிறத்தையும் நீளத்தையும் வைத்து ஐந்து இனங்கள் என்று எழுதி விரிவுரையாளரிடம் நீட்டினேன். அவர் உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு, அனைத்தும் ஒரே இனம் என்று சொல்லிவிட்டார். இளசும் முதிர்ந்ததும், சாராயத்தில் சுருங்கியதும் சுருங்காததும் என் கண்ணுக்கு வேறு வேறாகத் தெரிந்திருக்கின்றன. வெட்கத்தோடு நூலகத்திற்குப் போன அன்றுதான் வில்ஹெல்ம் மிக்கேல்சன் எனக்கு அறிமுகமானார்.

1860இல் ஜெர்மனியின் துறைமுக நகரமான ஹம்பர்க்கில் பிறந்தவர். அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உழைத்தவர். 1937இல் அதே நகரில் மறைந்தவர். உலகின் பல மூலைகளிலிருந்து புட்டிகளில் வந்த புழுக்களை அறுத்துப் பார்ப்பதே அவர் வாழ்க்கையாக இருந்தது. 1905இல் தென்மேற்கு ஆஸ்திரேலியாவுக்கும் 1911இல் தென்மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் தாமே சென்று சேகரித்தார்.

1900இல் வெளிவந்த அவருடைய பெருநூல், அதுவரை அறியப்பட்ட மண்புழு இனங்களையும் அவற்றின் நன்னீர் உறவுகளையும் 575 பக்கங்களில் வகைப்படுத்தியது. நிறம் ஏமாற்றும், நீளம் ஏமாற்றும். எத்தனையாவது வளையத்தில் ஆண் துளை இருக்கிறது, விந்துகொள்பைகள் எத்தனை சோடி, நுண்மயிர்கள் வளையத்தைச் சுற்றி நிற்கின்றனவா அல்லது எட்டே எட்டா என்பனதாம் புழுவின் அடையாள அட்டை. பட்டை போன்ற கிளைடெல்லம் இன்னும் தோன்றாத இளம்புழுவுக்குப் பெரும்பாலும் பெயரே சொல்ல முடியாது. நான் அவற்றுக்கும் பெயர் வைத்திருந்தேன்!

அவருடைய முடிவுகள் எல்லாம் நிலைக்கவில்லை. நம் வட்டாரத்தில் மிகுந்திருக்கும் புழுக்களை அவர் பெரெட்டிமா என்ற ஒரே பேரினத்தில் அடைத்தார். 1972இல் சிம்ஸ், ஈஸ்டன் இருவரும் அதைப் பல பேரினங்களாகப் பிரித்தனர். ஆனாலும் அவர் அடுக்கி வைத்ததால்தான் அவர்களால் பிரிக்க முடிந்தது என்பது என் எண்ணம்.

அவரை நான் வியப்பது வேறொன்றுக்காக. மண்புழு கடல்நீரைத் தாங்காது. அப்படியென்றால் இலங்கைப் புழுவுக்கும் ஆஸ்திரேலியப் புழுவுக்கும் உறவு எப்படி வந்தது? தென்னிந்திய, இலங்கைப் புழுக்களைப் பற்றி 1910இல் விரிவாக எழுதியவர் அவர். மனிதன் கப்பலில், செடிகளின் வேர்மண்ணோடு கொண்டுவந்த புழுக்களை முதலில் கணக்கிலிருந்து கழித்தார். எஞ்சிய மண்ணின் மைந்தர்களைக் கொண்டு, ஒரு காலத்தில் கண்டங்களுக்கிடையே நிலப்பாலங்கள் இருந்தன என்று விளக்கினார். பிறகு கண்டங்களே நகர்ந்தன என்றார் வெகெனர். புவியியலாளர் பலர் அதை ஏற்க மறுத்த அந்த 1920களில், அறுபது வயதைக் கடந்த மிக்கேல்சன் தம் பழைய பாலங்களைக் கைவிட்டு வெகெனர் பக்கம் நின்று எழுதினார். 1960களில் உலகம் அதை ஏற்றபோது இருவருமே உயிரோடு இல்லை.

என் நாற்பது புழுக்களும் அவர் முதலில் கழித்துவிடும் வகையைச் சேர்ந்தவை. பெயர் பொண்டோஸ்கோலெக்ஸ் கொரெத்ரூரஸ். 1857இல் தென் பிரேசிலிலிருந்து விவரிக்கப்பட்ட இனம். தென் அமெரிக்காவிலிருந்து பயிர்களோடு வெப்பமண்டலம் முழுக்கப் பரவியது. வால்நுனியில் அதன் நுண்மயிர்கள் வரிசை தவறி, மாறி மாறி நிற்கும். என் தாத்தாவும் தோட்ட வேலைக்கென்று கப்பலேறி வந்தவர்தாம் என்பதால் அதன்மீது எனக்குக் கோபம் வரவில்லை.

1943 குண்டுவீச்சில் ஹம்பர்க் அருங்காட்சியகக் கட்டடம் அழிந்தது. சாராயப் புட்டிகளை முன்கூட்டியே நிலத்தடி ரயில் சுரங்கத்திற்கு மாற்றியிருந்ததால் புழுக்கள் தப்பின. ஒரு பெயரில் ஐயம் எழுந்தால் ஆய்வாளர்கள் இன்றும் அந்தப் புட்டிகளைத்தான் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள்.

நான் ஆய்வேட்டைத் திருத்தி எழுதினேன். ஐந்து பெயர்கள் இருந்த அட்டவணையில் ஒரு பெயர் மட்டும் மிஞ்சியது.