எல்லை கண்ட கணிதர்

நுழையும்முன்

கணினித் திரையில் ஒரு சிறு வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. சற்றுப் பொறுத்தால் பணி முடிந்துவிடுமா? அல்லது எத்தனை நாள் காத்திருந்தாலும் முடியாதா? எந்த நிரலைக் கொடுத்தாலும் இதை முன்கூட்டியே சொல்லிவிடும் ஒரு கருவியைப் படைக்க இயலுமா? இவ்வினாவிற்கு விடை காணும் வழியை, மின்னணுக் கணினி தோன்றாத காலத்திலேயே இளைஞர் ஒருவர் திறந்து வைத்தார். அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயதும் நிரம்பவில்லை.

பிறப்பும் இளமையும்

ஆலன் மாத்திசன் டூரிங் 1912ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தை ஜூலியஸ், அன்றைய சென்னை மாகாணத்தில் இந்தியக் குடிமைப் பணி அலுவலராக இருந்தவர். தாய் எத்தெல் சாரா, இன்று கோவை மாநகரின் ஒரு பகுதியாக விளங்கும் போத்தனூரில் பிறந்தவர். பெற்றோர் பணியின் பொருட்டு இந்தியாவில் தங்க நேர்ந்ததால், ஆலனும் அவருடைய அண்ணன் ஜானும் இளமையில் பெரும்பாலும் இங்கிலாந்தில் பிறர் வீட்டில் வளர்ந்தனர்.

1926ஆம் ஆண்டு ஷெர்போர்ன் பள்ளியில் ஆலன் சேர வேண்டிய நாளில் நாடெங்கும் பொது வேலைநிறுத்தம் நடைபெற்றது. இரயில்கள் ஓடவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவன் சௌத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவை மிதிவண்டியிலேயே கடந்து, இடையில் ஒரு விடுதியில் தங்கிப் பள்ளியை அடைந்தான். எடுத்த செயலைத் தனித்து நின்று முடிக்கும் இயல்பு அன்றே அவரிடம் வெளிப்பட்டது.

பள்ளியில் கிறிஸ்டோபர் மார்க்கம் என்னும் மாணவர் அவருக்கு நெருங்கிய நண்பரானார். அறிவியலும் கணிதமும் இருவரையும் பிணைத்தன. 1930ஆம் ஆண்டு மார்க்கம் நோயால் இறந்தார். அத்துயரிலிருந்து மீண்ட டூரிங், 1931இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். தம் 22ஆம் வயதிலேயே அக்கல்லூரியின் ஆய்வறிஞராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஹில்பர்ட் எழுப்பிய வினா

அக்காலத்தில் ஜெர்மானியக் கணிதப் பேரறிஞர் டேவிட் ஹில்பர்ட் ஒரு பெரும் வினாவை முன்வைத்திருந்தார். ஒரு கணிதக் கூற்றைக் கொடுத்தால், அதனை நிறுவ இயலுமா, இயலாதா என்பதைக் குறிப்பிட்ட படிகளில் தவறாமல் தீர்மானிக்கும் பொதுவான நெறிமுறை உண்டா என்பதே அவ்வினா. அத்தகைய நெறிமுறை கிடைத்தால், கணிதரின் உழைப்பை ஒரு பொறியே மேற்கொள்ளலாம். 1935இல் மேக்ஸ் நியூமன் கேம்பிரிட்ஜில் நிகழ்த்திய விரிவுரைகளின் வழியே டூரிங் இவ்வினாவை அறிந்தார்.

ஒன்று உண்டு என்று காட்ட, அதனைக் கொண்டுவந்து முன்னே வைத்தால் போதும். ஒன்று இல்லவே இல்லை என்று காட்டுவது எளிதன்று. நெறிமுறை இல்லை என நிறுவ வேண்டுமாயின், நெறிமுறை என்றால் என்ன என்பதை முதலில் ஐயமின்றி வரையறுக்க வேண்டும். டூரிங் அங்கிருந்தே தொடங்கினார்.

தாளும் எழுதுகோலும் கொண்டு கணக்குப் போடும் ஒரு மனிதரை அவர் மனத்திற்குள் கொண்டுவந்தார். அம்மனிதர் தாளில் உள்ள ஒரு குறியைப் பார்க்கிறார். அதை அழிக்கிறார் அல்லது மாற்றி எழுதுகிறார். அடுத்த இடத்திற்கு நகர்கிறார். இச்செயல்களை மட்டும் செய்யும் ஒரு கற்பனைப் பொறியை டூரிங் வடிவமைத்தார். கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட முடிவற்ற நாடா, அதில் ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தைப் படித்து எழுதும் முனை, அடுத்துச் செய்ய வேண்டியதைக் கூறும் விதிப்பட்டியல் ஆகியவையே அதன் உறுப்புகள். இதுவே இன்று 'டூரிங் பொறி' எனப்படுகிறது.

எந்தப் பொறியின் விதிப்பட்டியலையும் நாடாவிலேயே எழுதிவைத்தால், அதைப் படித்து அப்பொறியைப் போலவே இயங்கும் ஒரு பொதுப்பொறி இயலும் என்றும் அவர் காட்டினார். கருவியை மாற்றாமல் நிரலை மட்டும் மாற்றிப் பல பணிகளைச் செய்யும் இன்றைய கணினியின் கருத்து வித்து அதுவே.

நிற்றல் சிக்கல்

இரண்டைவிடப் பெரிய எந்த இரட்டைப்படை எண்ணையும் இரு பகா எண்களின் கூட்டலாக எழுதலாம் என்பது கோல்ட்பாக் கருதுகோள். 8 என்பது 3, 5 ஆகியவற்றின் கூட்டல். 10 என்பது 3, 7 ஆகியவற்றின் கூட்டல். 1742ஆம் ஆண்டு முதல் பேசப்பட்டு வரும் இக்கருதுகோளை இதுவரை எவரும் நிறுவவில்லை, மறுக்கவும் இல்லை. இதற்கு மாறான எண்ணை ஒவ்வொன்றாகத் தேடி, கண்டவுடன் நின்றுவிடும் சிறு நிரலை எழுதுவது எளிது. அந்நிரல் நிற்குமா, நிற்காதா என்று சொல்லிவிட்டால் கருதுகோளே தீர்ந்துவிடும். நிரலின் முடிவை முன்னறியும் வினா அத்துணை ஆழமுடையது.

எந்த நிரலுக்கும் உள்ளீட்டிற்கும் தவறாமல் தீர்ப்புக் கூறும் ஒரு நிரல் இருப்பதாகக் கொள்வோம். அதற்கு 'நடுவர்' எனப் பெயரிடுவோம். இப்போது 'எதிரி' என்னும் மற்றொரு நிரலை அமைப்போம். எதிரியிடம் ஒரு நிரலைக் கொடுத்தால், அந்நிரலுக்கு அதன் எழுத்துவடிவத்தையே உள்ளீடாகத் தந்தால் நிற்குமா என்று அது நடுவரிடம் கேட்கும். நடுவர் நிற்கும் என்றால், எதிரி முடிவின்றிச் சுழலும். நடுவர் நிற்காது என்றால், எதிரி உடனே நின்றுவிடும்.

எதிரியிடம் எதிரியின் எழுத்துவடிவத்தையே கொடுத்தால் என்ன நேரும்? நிற்கும் என்று நடுவர் கூறினால், அது நிற்காது. நிற்காது என்று கூறினால், அது நின்றுவிடும். எப்படித் தீர்ப்புக் கூறினாலும் நடுவர் தவறுகிறார். தவறாத நடுவர் என்னும் தொடக்கக் கருத்தே முரண்பாட்டில் முடிவதால், அத்தகைய நடுவர் இருக்க இயலாது. கணினியின் வேகத்தையோ நினைவகத்தையோ எத்துணைப் பெருக்கினாலும் இம்முடிவு மாறாது.

முடிவின்றி எண்களை எழுதிச் செல்லும் பொறிகளைக் கொண்டே டூரிங் தம் கட்டுரையில் இவ்வகை வாதத்தை அமைத்தார். அதனை 'நிற்றல் சிக்கல்' என்னும் வடிவில் பின்வந்த அறிஞர்கள் எடுத்துரைத்தனர். ஹில்பர்ட் தேடிய பொது நெறிமுறை இல்லை என்பதை 1936இல் டூரிங் நிறுவினார். அமெரிக்கக் கணிதர் அலோன்சோ சர்ச் அதே முடிவை வேறொரு வழியில் சற்று முன்னரே வெளியிட்டிருந்தார். டூரிங் பிரின்ஸ்டன் சென்று அவரிடம் ஆய்வு செய்து, 1938இல் முனைவர் பட்டம் பெற்றார்.

போர்க்காலப் பணி

இரண்டாம் உலகப்போர் தொடங்கியவுடன், 1939 செப்டம்பரில் பிளெட்ச்லி பார்க் என்னும் மறைகுறி ஆய்வு நிலையத்தில் டூரிங் பணியேற்றார். ஜெர்மானியப் படையினர் 'எனிக்மா' என்னும் கருவியால் செய்திகளை மறைத்து அனுப்பினர். போலந்து நாட்டுக் கணிதர்கள் முன்னரே கண்டறிந்தவை பிரிட்டானியர்க்குத் துணைநின்றன. அவற்றைத் தொடர்ந்து டூரிங் 'பாம்ப்' என்னும் பொறியை வடிவமைத்தார். மறைசெய்தியில் இருக்கக்கூடிய ஒரு சொற்றொடரை ஊகித்து, எனிக்மாவின் அமைப்புகளை அப்பொறி ஒவ்வொன்றாகச் சோதித்தது. முரண்பாட்டில் முடிந்தவற்றை விலக்கியது. நடுவரை வீழ்த்திய முரண்பாடே இங்கும் கருவியாயிற்று. அட்லாண்டிக் கடலில் கப்பல்களைக் காக்க இப்பணி பெரிதும் உதவியது.

பொதுவழி இல்லை, தனிவழி உண்டு

போருக்குப் பின் டூரிங் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் கணினி ஒன்றை வடிவமைத்தார். 1948இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1949 ஜூனில் கேம்பிரிட்ஜில் நடந்த மாநாட்டில், ஒரு நிரல் சரியானதா எனச் சரிபார்ப்பது எவ்வாறு என்பதை விளக்கினார். நீண்ட கூட்டல் கணக்கில் மிச்ச எண்களையும் குறித்துவைத்தால், சரிபார்ப்பவர் ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியே நோக்கலாம். அதுபோல நிரலின் ஒவ்வொரு கட்டத்திலும் எது உண்மையாக இருக்க வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டும் என்றார். நிரல் நிற்கும் என்பதைக் காட்டவும் வழி கூறினார். ஒவ்வொரு படியிலும் குறைந்துகொண்டே வரும் ஓர் அளவை நிரலில் காட்ட வேண்டும். முழு எண் ஒன்று முடிவின்றிக் குறைந்துகொண்டே செல்லாது; ஆகவே நிரல் நின்றே தீரும்.

எல்லா நிரல்களுக்கும் பொதுவான வழி இல்லை என்று காட்டியவரே, கையிலுள்ள ஒரு நிரலுக்கு வழி தேடலாம் என்றும் கற்பித்தார். இன்றைய சரிபார்ப்பு மென்பொருள்கள் இவ்விரண்டையும் ஏற்று நடக்கின்றன. அவை சில நிரல்கள் நிற்கும் என்றும், சில நில்லா என்றும் உறுதி கூறும்; எஞ்சியவற்றைத் தம்மால் தீர்மானிக்க இயலவில்லை என ஒப்புக்கொள்ளும்.

இறுதி நாள்கள்

1951இல் அரசக் கழகம் டூரிங்கைத் தன் உறுப்பினராக்கியது. ஒருபால் ஈர்ப்பினைக் குற்றமாகக் கருதிய அன்றைய சட்டத்தின்படி, 1952இல் அவர் தண்டிக்கப்பட்டார். சிறைக்கு மாற்றாக ஹார்மோன் மருந்தை ஏற்க நேர்ந்தது. போரில் நாட்டுக்கு ஆற்றிய தொண்டு மறைபொருளாக இருந்ததால், மக்கள் அதனை அறியவில்லை. 1954ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், 41ஆம் வயதில், சயனைடு நஞ்சினால் அவர் மறைந்தார்.

2009இல் பிரிட்டன் தலைமையமைச்சர் அரசின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். 2013இல் அரசியின் மன்னிப்பு வழங்கப்பட்டது. 2021இல் 50 பவுண்டு பணத்தாளில் அவர் உருவம் இடம்பெற்றது. அவருக்கு இழைத்த பிழைக்கு ஓர் அரசு வருத்தம் தெரிவிக்க அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அறிவின் எல்லையை அறிவாலேயே அளந்து காட்டிய டூரிங்கின் நிரூபணமோ, 1936இல் நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கிறது.

தெரிந்து தெளிவோம்

கணினி அறிவியலின் உயரிய விருதாகிய 'டூரிங் விருது' 1966 முதல் வழங்கப்படுகிறது. டூரிங் சிறந்த நெடுந்தொலைவு ஓட்டக்காரரும் ஆவார். 1947இல் மாரத்தான் ஓட்டத்தை 2 மணி 46 நிமிடங்களில் நிறைவு செய்தார்.

கற்பவை கற்றபின்

1. ஓர் எண்ணை எடுத்துக்கொள்க. இரட்டைப்படை எனில் இரண்டால் வகுக்க. ஒற்றைப்படை எனில் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுக. 1 வரும் வரை தொடர்க. 6இல் தொடங்கினால் 8 படிகளில் முடியும். 27இல் தொடங்கினால் 111 படிகள் ஆகும். எல்லா எண்களுக்கும் இது முடிவுறுமா என்பது இன்னும் நிறுவப்படவில்லை. வேறு எண்களைக் கொண்டு முயன்று, கண்டவற்றை வகுப்பில் பகிர்க.
2. நடுவர், எதிரி ஆகிய இரு நிரல்களின் வாதத்தை உரையாடலாக எழுதி நடித்துக் காட்டுக.