கம்ப்ரஷனை அளந்து பார்த்த ரிக்கார்டோ

ஆரணியில் நம் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்த எல்லோரும் கம்ப்ரஷன் ரேஷியோ கணக்குப் போட்டிருப்போம். அந்தக் கணக்குக்கு உயிர் கொடுத்தவர்களில் முக்கியமானவர் சர் ஹாரி ரிக்கார்டோ. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசைப்படுகிறேன்.

1885-ல் லண்டனில் பிறந்தார். அம்மா வழித் தாத்தா அலெக்சாண்டர் ரெண்டல், இந்திய ரயில் பாலங்களை வடிவமைத்த பொறியாளர். கேம்பிரிட்ஜில் படிக்கும்போதே பேராசிரியர் ஹாப்கின்சன் இவரை இன்ஜின் ஆராய்ச்சியில் இழுத்துவிட்டார். 1917-ல் பிரிட்டிஷ் டாங்கிகளுக்கு இவர் வடிவமைத்த 150 குதிரைத்திறன் இன்ஜின் பெயர் வாங்கித் தந்தது.

நாக்கிங் ஏன் வருகிறது என்ற கேள்வி மட்டும் அவரை விடவே இல்லை. பிளக்கில் பிறந்த சுடர் வந்து சேரும் முன்பே, கடைசியில் மிச்சமிருக்கும் கலவை தானாகப் பற்றிக்கொள்வதுதான் காரணம் என்று கண்டார். ஓடும்போதே கம்ப்ரஷனை ஏற்றி இறக்கக்கூடிய ஈ35 என்ற சோதனை இன்ஜினைக் கட்டி, ஒவ்வொரு எரிபொருளும் எதுவரை தாங்கும் என்று ஷெல் நிறுவனத்துக்காக அளந்தார். ஆக்டேன் எண்ணுக்கு முன்னோடி அந்த வேலைதான்.

1919-ல் சைடு வால்வு இன்ஜின்களுக்குப் புது ஹெட் செய்தார். பிஸ்டனுக்கு மேலே இடத்தைக் குறுக்கி, சேம்பரை வால்வுப் பக்கம் தள்ளினார். கலவை சுழன்று வேகமாக எரிந்தது, நாக்கிங் குறைந்தது. பிறகு டீசலுக்கு அவர் கொடுத்த காமெட் சேம்பர் லண்டன் பஸ்களில் ஓடியது. நம்ம அம்பாசடர் டீசல் காரிலும் அந்த வகைதான்! 1948-ல் சர் பட்டம் பெற்றார். 1974-ல், 89 வயதில் காலமானார்.

இன்றைக்கும் ஹெட்டைக் கொஞ்சம் சீவிட்டா வண்டி பறக்கும்னு நினைக்கிறவங்க உண்டு. 400 சிசி சிலிண்டர், 50 சிசி சேம்பர் என்றால் ரேஷியோ 9. சீவி 40 சிசி ஆக்கினால் 11. குறைந்தது 10 சிசிதான். ஆனால் பழைய இன்ஜினில், சாதா பெட்ரோலில் நாக்கிங் வந்து பிஸ்டனே ஓட்டையாகலாம்.

தம்பிகளே, ஹெட்டை மெஷினில் ஏற்றும் முன் பிளக்கை மாட்டுங்கள். வால்வை மூடி, கிரீஸ் தடவித் துளையிட்ட கண்ணாடித் தகட்டை ஒட்டுங்கள். பியூரெட்டில் மண்ணெண்ணெய் விட்டு ஒவ்வொரு சேம்பரையும் அளந்து எழுதுங்கள். எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். சீவிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. முதலில் அளவு, பிறகுதான் வெட்டு. ரிக்கார்டோவின் வாழ்க்கை நமக்குச் சொல்வது இதுதான்.