சத்திரம் கட்டிய ராணிக்கு சோறு கிடைக்கவில்லை! மாளிகையில் இன்று நூலகம்

மதுரை ரெயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது மங்கம்மாள் சத்திரம். தினமும் அந்தப் பேரைச் சொல்லி வழி கேட்பவர்களில் பலருக்கு, அந்த அம்மாவின் முடிவு தெரியாது.

நாயக்க மன்னர் சொக்கநாதரின் மனைவி, ராணி மங்கம்மாள். 1682-ல் கணவர் இறந்தார். மங்கம்மாள் உடன்கட்டை ஏறவில்லை. மகன் முத்துவீரப்பரை அரியணையில் உட்கார வைத்தார்.

1689-ல் மகனையும் அம்மை நோய் கொண்டுபோய்விட்டது. மருமகள் சின்ன முத்தம்மாள் அப்போது கர்ப்பிணி. குழந்தை பிறந்ததும் அவரும் உயிரை மாய்த்துக்கொண்டார்.

கைக்குழந்தைக்குப் பட்டம் கட்டிவிட்டு, பாட்டி நாட்டை ஆண்டார். தலைநகர் அப்போது திருச்சி.

சாலையும் சத்திரமும்

பொம்பளைதானே என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். திருவாங்கூர் மீது படை அனுப்பிக் கப்பம் வசூலித்தார். அவுரங்கசீப்பின் படையோடு மோதாமல் கப்பம் கட்டி ஊரைக் காப்பாற்றினார். கெட்டிக்காரி! ராமநாதபுரத்து கிழவன் சேதுபதியிடம்தான் 1702-ல் தோல்வி. தளவாய் நரசப்பையா அந்தச் சண்டையில் மாண்டார்.

ஆனால் ஜனங்கள் மறக்காதது சண்டையை அல்ல. இரு பக்கமும் மரம் வைத்த சாலை, கிணறு, தண்ணீர்ப்பந்தல், வழிப்போக்கர்களுக்குச் சாப்பாடு போட்ட சத்திரம். ஞாபகமறதியாக இடது கையால் வெற்றிலை போட்டுவிட்டாராம். அதற்குப் பரிகாரமாகத்தான் இவ்வளவும் செய்தார் என்று ஒரு கதை உண்டு. ஒரு வெற்றிலைக்கு இத்தனை சாலையா? யாத்திரையும் வியாபாரமும் பெருகும் என்ற கணக்கும் அந்த அம்மாவுக்கு இருந்திருக்கும்.

கைக்கு எட்டாத சோறு

பேரன் விஜயரங்க சொக்கநாதர் வளர்ந்தார். பட்டத்துக்காக மனக்கசப்பு முற்றியது. பாட்டியைச் சிறையில் அடைத்தார்கள். சோற்றைக் கண்ணுக்குத் தெரியும்படி, கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துப் பட்டினி போட்டே கொன்றார்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஊருக்கெல்லாம் சோறு போட்டவருக்கு இப்படி ஒரு சாவு!

பேரனும் 1732-ல் வாரிசு இல்லாமல் இறந்தார்.

ராணியின் கோடை மாளிகை என்று சொல்லப்படும் தமுக்கம் அரண்மனை, வெள்ளைக்காரன் காலத்தில் அதிகாரிகளின் பங்களா ஆனது. பிறகு காந்தி நினைவு அருங்காட்சியகமாக மாறியது. 15-4-1959 அன்று பிரதமர் நேரு திறந்துவைத்தார். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணியைப் பார்க்கத்தான் கூட்டம் போகிறது. அதே வளாகத்தில் நூலகமும் இருக்கிறது. ராணி காற்று வாங்கிய இடத்தில் இப்போது உட்கார்ந்து புத்தகம் படிக்கலாம்.