மருத்துவர் றொனால்ட் றொஸ்: ஊவா மாணவர்க்கு ஒரு வரலாறு

மருத்துவராக வேண்டும் என்னும் அவா ஊவாவின் தோட்டப் பாடசாலைகளிற் பயிலும் மாணவர் பலரிடம் உண்டு. இலயத்து அறையிற் பிறந்து, பசறை, மடுல்சீமை, அப்புத்தளை முதலிய மலைச்சரிவுகளிலிருந்து நாள்தோறும் நெடுந்தூரம் நடந்து பள்ளிக்கு வருவோர் அவர்கள். ஆயின் உயர்தர வகுப்பிற் பௌதிகமும் இரசாயனமும் குறைந்த புள்ளிகளைக் காட்டியதும், இத்தொழில் நமக்கு உரியதன்று எனத் தமக்குத் தாமே தீர்ப்பெழுதிக்கொண்டு ஒதுங்கிவிடுகின்றனர். தமிழ் கற்பிக்கும் எனக்கு விஞ்ஞான பாடத்தில் அவர்களுக்குத் துணைபுரிய இயலாது. ஒருவருடைய வரலாற்றைச் சொல்லுதல் இயலும். மலேரியாக் காய்ச்சலின் மருமத்தை விடுவித்த சேர் றொனால்ட் றொஸ் என்பாரின் வரலாறே அது.

றொஸ் 1857ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள், இமயமலைச் சாரலிலுள்ள அல்மோறா என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பிரித்தானிய இந்தியப் படையின் அதிகாரி. பத்துப் பிள்ளைகளுள் மூத்தவராகிய இவரை எட்டு வயதிற் கல்வியின் பொருட்டு இங்கிலாந்துக்கு அனுப்பினர். இவருடைய இளவுள்ளம் ஓவியத்திலும் இசையிலும் கவிதையிலும் தோய்ந்து நின்றது. தந்தையாரோ, மகன் மருத்துவம் பயின்று இந்திய மருத்துவ சேவையிற் சேரவேண்டுமென உறுதிகொண்டிருந்தார். அவர் சொல்லைத் தட்டமாட்டாது, இலண்டன் சென் பார்த்தலோமியு மருத்துவமனைக் கல்லூரியில் றொஸ் சேர்ந்தார்.

சேர்ந்தாராயினும் மனம் ஒன்றவில்லை. மருத்துவ நூல்களைப் பயிலவேண்டிய வேளையில் இசையமைத்தும் கவிதையும் நாடகமும் எழுதியும் காலம் போக்கினார். விளைவு யாது? 1879இல் அறுவை மருத்துவர் கல்லூரியின் பரீட்சையிற் சித்தியெய்தியவர், மருந்தாளர் சங்கத்தார் நடத்திய மற்றைப் பரீட்சையில் தவறினார். இந்திய சேவையின் வாயில் அடைபட்டது. அத்திலாந்திக்குக் கடலிற் செல்லும் கப்பலில் மருத்துவராகப் பணியேற்றுக் காலங் கழித்தார். பின்னர் 1881இல் அதே பரீட்சைக்கு மறுமுறை தோற்றிச் சித்தியடைந்தார். அவ்வாண்டே இந்திய மருத்துவ சேவையிற் சேர்ந்து சென்னை மாகாணத்தில் பணியாற்றத் தொடங்கினார்.

இத்தோல்வியை நான் போற்றவில்லை. படியாதவன் தவறுதல் இயல்பே. அவர் மறுமுறை சென்று அமர்ந்தமையே போற்றத்தக்கது.

பணியேற்ற பின்னரே கல்வியில் அவருக்கு உண்மையான நாட்டம் பிறந்தது. கணிதத்தைத் தாமே கற்றார். 1888இல் விடுமுறையில் இங்கிலாந்து சென்றபோது பொதுச் சுகாதாரப் பட்டயமும் பெற்று, நுண்ணுயிரியலும் பயின்றார். மலேரியா நோயாளரின் குருதியில் ஒரு நுண்கிருமி உண்டென்பதை 1880இலேயே பிரான்சிய மருத்துவர் லவரான் கண்டிருந்தார். றொஸ் அதனைத் தாமே தேடியும் காணாமையால், அது உண்டென்பதையே ஐயுற்றார். 1894இல் இலண்டனில் பற்றிக் மான்சன் என்னும் அறிஞர் நுணுக்குக்காட்டியில் அக்கிருமியைக் காட்டி, நுளம்பே அதனைப் பரப்புதல் கூடும் என்னுந் தம் கருத்தையும் எடுத்துரைத்தார். அன்று தொட்டு றொசுக்கு வாழ்வில் ஒரே வினாவாயிற்று.

1895இல் செகந்தராபாத்துக்கு மீண்டார். ஈராண்டுகள் நுளம்புகளை ஒவ்வொன்றாக அறுத்து நோக்கியும் பயன் கிட்டவில்லை. அவர் ஆராய்ந்தவை அந்நோயைப் பரப்பாத இனத்தவை. இடையில், 1897இல், நீலகிரிச் சாரலிலுள்ள சிகூர் கணவாயில் ஆராயச் சென்று தாமே அக்காய்ச்சலுக்கு ஆளானார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம், உசேன் கான் என்னும் நோயாளி, நுளம்பு ஒன்றுக்கு ஓரணா வீதம் கூலிபெற்றுத் தம் உடலைக் கடிக்கக் கொடுத்தார். கடுங்கோடை, காற்று வீசினால் நுளம்புகள் பறந்துவிடுமென்று விசிறியையும் நிறுத்திவைத்திருந்தார் றொஸ். வியர்வையால் நுணுக்குக்காட்டியின் திருகாணிகள் துருப்பிடித்தன. அந்நிலையிலே ஆகஸ்டு 20ஆம் நாள், புள்ளிச் சிறகுடைய நுளம்பொன்றின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்டார். அந்நாள் இன்றும் உலக நுளம்பு நாளாக நினைக்கப்படுகின்றது.

மறு ஆண்டு கல்கத்தாவிற் பறவைகளை ஆராய்ந்து, கிருமி நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, கடியின் வழியே மற்றோர் உயிரைப் பற்றுவதை நிறுவினார். 1902இல் நோபெல் பரிசு பெற்றார். மருத்துவத்துக்குரிய அப்பரிசின் இரண்டாம் ஆண்டு அது. 1932ஆம் ஆண்டு செப்ரெம்பர் 16ஆம் நாள் இலண்டனிற் காலமானார்.

குற்றமற்றவர் என்று இவரைக் கூறல் பொருந்தாது. மனிதரிடத்து அந்நோய் பரவும் முறையை நிறுவிய இத்தாலிய அறிஞர் கிராசியோடு புகழ் குறித்து நெடுங்காலம் பூசலிட்டார். உடலைக் கொடுத்துதவிய ஏழை உசேன் கானின் பெயரோ நூல்களின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கின்றது.

இவ்வரலாறு நமக்குத் தொலைவானதன்று. மலையகத் தமிழரின் முன்னோர் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழி நடந்த காலத்தில், காய்ச்சலுக்கு இரையானோர் பலர். அது நச்சுக்காற்றால் வருவதென்றே அந்நாளிற் கருதினர். ஊவாவின் உயர்மலைகளைவிட வெல்லவாய, பிபிலை முதலிய தாழ்நிலங்களே அந்நோய்க்கு உறைவிடமாயிருந்தமைக்குக் காரணம் காற்றன்று, ஆற்றுக் குட்டைகளிற் பெருகும் நுளம்பே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1934-35ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். நுளம்பை ஒழிக்கும் முயற்சியால் 1963இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. வென்றுவிட்டோமென்று தளர்ந்திருந்தமையால் 1969ஆம் ஆண்டில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரை நோய் பற்றியது. நாடும் றொசைப் போலவே மறுமுறை பரீட்சை எழுதவேண்டியதாயிற்று. 2012இன் பின் உள்நாட்டிற் றொற்றிய நோயாளர் எவருமின்றி, 2016 செப்ரெம்பரில் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது.

மருத்துவராக விரும்பும் மாணவ! பல்கலைக்கழகம் புக உயர்தரப் பரீட்சைக்கு மும்முறை தோற்றலாம் என்பது இந்நாட்டு விதி. விரும்பிய யாவரும் மருத்துவராதல் கூடும் என்று யான் பொய்யுரைக்க மாட்டேன். ஆனால் முதற்றவணைப் புள்ளிகளைக் கண்டு நீயே வாயிலை அடைத்துக்கொள்ளாதே. புள்ளி குறைந்ததற்குக் காரணம் அறிவின்மையா, பயிற்சியின்மையா, கற்பிப்போர் இன்மையா என்று முதலில் நாடி அறி. பயிற்சியின்மை ஆயின் திருத்துதல் உன் கையில் உள்ளது. கற்பிப்போர் இன்மை ஆயின், அக்குறையை நீக்குதல் கற்று உயர்ந்த பழைய மாணவராகிய எம் கடன். நீ எம்மிடம் கேட்கத் தயங்கவேண்டா.