எலிகூ யேலின் குடிவழி

சென்ற தவணையில் ஒரு நாள் வட்டுக்கோட்டைச் செமினரியின் வரலாற்றை மாணாக்கருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிசனரிமாருள் பெஞ்சமின் மெய்க்ஸ் என்பவர் யேல் கல்லூரியிற் கற்றுத் தேறியவர் என்று கூறியபொழுது, பின்வாங்கில் இருந்த ஒரு மாணாக்கன் எழுந்து, யேல் என்பது ஊர்ப்பெயரா, ஆட்பெயரா என வினாவினான். ஆட்பெயர்தான், சென்னையிலே தேசாதிபதியாயிருந்து பெரும்பொருள் தேடிய ஒருவருடைய பெயர் என்று விடை கூறி மேலே சென்றேன். வீடு திரும்பிய பின்னரும் அவ்வினா என்னை விடவில்லை. எனக்கு இளமை தொட்டே வமிசாவளி வரைவதில் ஓர் ஆசை உண்டு. முன்னோர் விட்டுச்சென்ற பெட்டகத்திலுள்ள பழைய உறுதிகளைத் துருவி, எங்கள் குடும்பத்தை ஏழு தலைமுறை மட்டும் எழுதி வைத்திருக்கின்றேன். அந்தப் பழக்கத்தினாலே யேல் குடும்பத்தின் அடியையும் தேடத் தொடங்கினேன். தேடிப் பார்த்தபின், மாணாக்கனுக்கு நான் சொன்ன விடை பாதியே சரியென அறிந்தேன்.

யேல் என்பது முதலில் ஊர்ப்பெயரே. வேல்ஸ் நாட்டின் வடகிழக்கில், டென்பிப் பகுதியில், இயால் என்னும் மலைப்பாங்கான நிலப்பிரிவு ஒன்று உண்டு. அப்பெயர் ஆங்கிலர் நாவில் யேல் எனத் திரிந்தது. வேல்ஸ் மக்களுக்கு முற்காலத்தில் குலப்பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. மகன் பெயரை முன்னே சொல்லி, மகன் என்று பொருள்படும் ஆப் என்னும் சொல்லை இடையில் இட்டு, தந்தை பெயரைப் பின்னே சொல்வர். நாம் தந்தை பெயரை முன்னே வைக்கின்றோம், அவர்கள் பின்னே வைத்தார்கள், வேறுபாடு அவ்வளவே. ஆங்கில வழக்கம் பரவியபொழுது இக்குடும்பத்தார் தம் நிலத்தின் பெயரையே குலப்பெயராகக் கொண்டனர். ஆகவே ஆங்கிலக் குடியேற்றக்காரர் என்று நூல்கள் கூறும் இவர்கள் உண்மையில் வேல்ஸ் அடியினர்.

இக்குடும்பத்தைக் கடல் கடக்கச் செய்த உறவு ஒரு பெண்வழி வந்தது. செஸ்ரர் நகரத்து அத்தியட்சராய் இருந்த ஜோர்ஜ் லொயிட் என்பாரின் மகள் ஆன். இவ்வம்மையார் தோமஸ் யேல் என்பவரை மணந்து, ஆன், டேவிட், தோமஸ் என மூன்று மக்களைப் பெற்றார். 1619இல் கணவர் இறந்தார். பின்னர் 1625இல் இலண்டன் வர்த்தகராகிய தியோபிலஸ் ஈற்றன் என்பவரை மறுமணம் செய்தார். ஈற்றன் போல்ற்றிக் கடல் வாணிகத்தில் பொருள் ஈட்டியவர். தூய்மைவாதச் சமயத்தாரைச் சேர்ந்தவர். அவருடைய இளமைத் தோழர் ஜோன் டாவென்போட் என்னும் குருவானவர். அரசாங்கத் திருச்சபையின் நெருக்குதலுக்கு ஆற்றாது இவ்விருவரும் தம்மைச் சார்ந்தோரைக் கூட்டிக்கொண்டு 1637இல் கப்பலேறிப் பொஸ்டன் துறையை அடைந்தனர். அடுத்த ஆண்டு குவினிப்பியாக் என்னும் பழங்குடி மக்களின் நிலத்திலே, நியூ ஹேவன் என்னும் தனிக் குடியேற்றத்தை நிறுவினர். 1639 தொடக்கம் 1658இல் தாம் இறக்கும்வரை ஈற்றனே அதன் தேசாதிபதியாய் இருந்தார். ஜூரிமாரைக் கொண்டு வழக்கு விசாரிக்கும் ஆங்கில முறையைக்கூட அவர்கள் ஏற்கவில்லை. வேதாகமத்தில் அதற்கு ஆதாரம் இல்லை என்பது அவர்கள் கொள்கை.

இவ்வமிசத்திலே என் மனத்தை மிகக் கவர்ந்தவர் ஆன் அம்மையாரே. தேசாதிபதியின் மனைவியாகிய அவர், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது தகாது என வாதிக்கும் நூல் ஒன்றை டெபொரா மூடி என்னும் பெருமாட்டியிடம் பெற்றுப் படித்தார். படித்ததோடு நில்லாமல், கோயிலில் ஞானஸ்நானச் சடங்கு தொடங்கும்பொழுது எல்லாருங் காண எழுந்து வெளியேறினார். குருவானவர் டாவென்போட் மறுப்பு உரைத்தும் அவர் அசையவில்லை. கொள்கை பற்றி அவரை வெல்லுதல் அரிதென்று கண்டார்கள் போலும், வீட்டுச் சண்டைகளைத் தேடித் திரட்டிக் குற்றப் பத்திரிகை செய்தார்கள். மாமியாரை அடித்தார், வேலைக்காரரை வைதார், மாற்றாள் மகளை வருத்தினார் என்றெல்லாம் குற்றங்கள் அடுக்கப்பட்டன. அவற்றுட் சில உண்மையாகவே இருக்கலாம்; இரண்டு தாரத்து மக்களும், முதிய மாமியாரும், வேலைக்காரரும் ஒரே கூரையின் கீழ் இருந்த வீடு அது. ஆயினும், கோயிலை விட்டு எழுந்து செல்லாதிருந்தால் அவ்வடுப்படிச் சண்டைகள் சபை ஏறியிருக்கமாட்டா என்றே நான் கருதுகின்றேன். 1645இல் அவர் சபையிலிருந்து விலக்கப்பட்டார். கணவரோ தேசாதிபதி நாற்காலியில் இருந்தபடியே அதற்கு இணங்கினார்.

அம்மையாரின் மகள் இளைய ஆன், கனெக்ரிக்கட் தேசாதிபதியாகிய எட்வேட் ஹொப்கின்ஸ் என்பவரின் மனைவி. இவர் சித்தம் பேதலித்தவர் ஆயினார். வாசிப்பும் எழுத்தும் மிகுந்தமையே அதற்குக் காரணம் என்று மசச்சூசெற்ஸ் தேசாதிபதி ஜோன் வின்த்ரப் தமது நாட்குறிப்பிலே எழுதி வைத்தார். பெண்ணுக்கு ஏடு ஆகாது என்று சொல்லிய நம்மூர்ப் பெரியவர்களுக்கு அக்கரையிலும் துணை இருந்திருக்கின்றது.

தாயார் பட்ட பாட்டை மகன் டேவிட் மறந்திருக்க இயலாது. அவர் நியூ ஹேவனை விட்டுப் பொஸ்டனிலே வாணிகஞ் செய்தார். அங்கும் திருச்சபை அங்கத்தவர்க்கன்றிப் பிறர்க்கு வாக்குரிமை இல்லை. 1646இல் டொக்டர் றொபேட் சைல்ட் என்பவர் தலைமையில் எழுவர் இம்முறையை எதிர்த்து விண்ணப்பம் செய்தனர். அவ்வெழுவருள் டேவிட் யேலும் ஒருவர். விண்ணப்பம் தள்ளப்பட்டது, ஒப்பமிட்டோர் தண்டிக்கப்பட்டனர். இந்த டேவிட்டுக்கும் அவர் மனைவி உர்சுலாவுக்கும் 1649ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5ஆந் தேதி பொஸ்டனிலே பிறந்த மகனே எலிகூ. யோபு நூலில் முதியோர் பேசி முடியும்வரை காத்திருந்து பின் வாய்திறக்கும் இளைஞனின் பெயர் அது. பிள்ளைக்கு மூன்று வயதளவில் குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. எலிகூ யேல் தாம் பிறந்த நாட்டைப் பின் ஒருபொழுதும் கண்டாரில்லை. சிறிய தகப்பனார் தோமஸ் நியூ ஹேவனிலேயே தங்கினார். அமெரிக்க யேல்மார் அவர்வழி வந்தோர். பாட்டியாராகிய ஆன் அம்மையாரும் ஈற்றன் இறந்தபின் இங்கிலாந்து மீண்டு 1659இல் இறந்தார்.

வளர்ந்த எலிகூ கிழக்கிந்தியக் கம்பனியில் எழுதுவினைஞராய்ச் சேர்ந்து 1672ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னையில் வந்திறங்கினார். சம்பளம் ஆண்டுக்குப் பத்துப் பவுண். அச்சம்பளத்தில் எவரும் செல்வராதல் இயலாது. கம்பனி உத்தியோகத்தரோ செல்வராகியே திரும்பினர். தனி வாணிகம் அதன் இரகசியம். சென். ஜோர்ஜ் கோட்டையிலே சென். மேரி ஆலயம் 1680ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அபிடேகமாயிற்று. அடுத்த வாரமே அங்கே நடந்த முதல் விவாகம் யேலுடையது. மணமகள் கத்தரின், அவ்வாண்டிலேயே காலமான ஜோசெப் ஹின்மேர்ஸ் என்னும் கம்பனி உத்தியோகத்தரின் விதவை. 1687இல் யேல் தேசாதிபதியானார். மறு ஆண்டில் சென்னை நகரசபை அமைந்தபொழுது அதன் முதல் நகரபிதாவாய் இருந்தவர் நதானியேல் ஹிகின்சன். இவரும் நியூ ஹேவன் குடியேற்றத்தைச் சேர்ந்த கில்பேட் ஊரிலே பிறந்தவர் என்பது வியப்பு. யேலுக்குப்பின் தேசாதிபதியானவரும் இவரே. தூய்மைவாதிகளின் பேரரும் மக்களும் நமது சோழமண்டலக் கரையை ஆள வந்த கதை இது.

1690இல் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை யேல் விலைக்கு வாங்கினார். கோட்டையிலிருந்து பீரங்கி சுட, குண்டு சென்று விழும் எல்லைவரை உள்ள நிலமெல்லாம் கம்பனிக்குரியது என்பது உடன்படிக்கை. கடலூருக்கு அருகே குண்டு உப்பலவாடி என்னும் கிராமம் இன்றும் அக்குண்டின் பெயரைச் சுமந்து நிற்கின்றது. ஊர்ப்பெயர்க்கு எத்தனையோ காரணம் படித்திருக்கின்றேன்; இத்தகைய காரணம் வேறெங்கும் கண்டிலேன்.

இனிச் சொல்ல வேண்டுவது கசப்பானது. 1687ஐ ஒட்டிச் சென்னைக் கரையிலே கடும் பஞ்சம் நேர்ந்தது. பசி தாங்காத மக்கள் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றனர். வாங்கியோர் கப்பலேற்றினர். சென். ஹெலேனாத் தீவுக்கு அடிமைகளை ஏற்றிச் செல்ல வேண்டும் என்ற கட்டளைகள், யேல் அமர்ந்திருந்த கோட்டைச் சபையின் ஏடுகளில் உள்ளன. 1688இல் இவ்வேற்றுமதி தடைசெய்யப்பட்டது. அதுவும் இரக்கத்தால் அன்று. கொல்கொண்டாவை வென்று அந்நாட்டின் அதிபதிகளாகிவிட்ட மொகலாயரின் வெறுப்புக்கு அஞ்சியே செய்தது. யேலை மட்டும் குற்றஞ்சாட்டி நாம் ஒதுங்கிக்கொள்ளவும் இயலாது. 1694 முதல் 1696 வரை தஞ்சைப் பஞ்சத்தின்போது ஒல்லாந்தர் ஆளுகையிலிருந்த யாழ்ப்பாணத்துறைகளில் ஆயிரக்கணக்கான தமிழ் அடிமைகள் வந்திறங்கினர். அவர்களை விலைகொடுத்து வாங்கியோருள் நம்மவரும் உளர்.

யேலின் ஆட்சி நெடுநாள் நீடிக்கவில்லை. சபையாரோடு ஓயாத பூசல். கம்பனிப் பொருளைத் தம் இலாபத்துக்குப் பயன்படுத்தினார் என்னும் முறைப்பாடு. 1692இல் பதவி பறிபோயிற்று. மனைவி முன்னரே இங்கிலாந்து சென்றிருந்தார். வைர வணிகர் ஒருவரின் விதவையாகிய ஜெரோனிமா டி பைவா என்னும் யூத மாது யேலோடு வாழ்ந்து ஓர் ஆண்மகவையும் பெற்றார். கணக்குத் தீர்க்கும்வரை சென்னையில் நிறுத்தப்பட்டிருந்து, 1699இல் பெருஞ் செல்வராய் இலண்டன் மீண்டார்.

செல்வம் இருந்தது, பெயர்சொல்லப் பிள்ளை இல்லை. கத்தரினிடம் பிறந்த ஒரே ஆண்மகன் டேவிட், நான்கு வயது நிரம்புமுன் 1688இல் சென்னையில் இறந்துவிட்டான். தாயின் முதற் கணவருடைய சமாதியிலேயே அவனை அடக்கம் செய்தார்கள். கூர்ங்கோபுரம் போன்ற அச்சமாதி சென்னை உயர்நீதிமன்ற வளவுக்குள் பாதுகாக்கப்பட்டு வந்தது. அதனை அப்புறப்படுத்த வேண்டுமென்று 2023இல் வழக்கும் நடந்தது. ஜெரோனிமாவின் மகன் 1712இல் நன்னம்பிக்கை முனையில் மாண்டான். எஞ்சியோர் மூன்று பெண்மக்கள். அவர்களுள் இருவர் பெருங்குடியில் மணஞ்செய்து வேற்றுக் குலப்பெயர் பெற்றனர். 1711அளவில் யேல், கனெக்ரிக்கட்டிலுள்ள தம் உறவினன் ஒருவனைச் சுவீகார உரிமைக்காக அழைத்தனுப்பினார் என்று தெரிகின்றது.

இந்த ஏக்கத்தை அறிந்தவர்போல் பொஸ்டன் குருவானவர் கொற்றன் மாதர் 1718இல் அவருக்குக் கடிதம் எழுதினார். நியூ ஹேவனிலே எழும்பிக்கொண்டிருந்த ஏழைக் கல்லூரிக்கு உதவினால் அது அவர் பெயரைப் பெறும் என்றும், எகிப்தியப் பிரமிட்டினும் அது நெடிது நிற்கும் என்றும் நயமாய்ச் சொன்னார். யேல் ஒன்பது பொதிச் சரக்கும், 417 நூல்களும், முதலாம் ஜோர்ஜ் மன்னரின் படமும் அனுப்பினார். மஸ்லின், காலிக்கோ முதலிய துணிகள் அடங்கிய அப்பொதிகள் 562 பவுணுக்கு விலைப்பட்டன. கல்லூரி யேல் கல்லூரியாயிற்று. ஆன் அம்மையாரைச் சபை நீக்கிய அதே ஊரில் அவர் பேரனாரின் பெயர் கல்லில் ஏறியது. உபகாரியின் பெயரைச் சூட்டும் இவ்வழக்கம் நமக்கும் தெரிந்ததே. வட்டுக்கோட்டையில் அமெரிக்க உபகாரிகளின் பெயர்களைப் பிள்ளைகளுக்கே இட்டார்கள். கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்போரை அறியாத பண்டிதர் இலர். 1721ஆம் ஆண்டு ஜூலை 8ஆந் தேதி யேல் இறந்தார். முன்னோர் நாடாகிய வேல்ஸில், றெக்ஸம் ஊர்க் கோயில் முற்றத்திலே அவர் சமாதி உள்ளது.

இவ்வளவும் சொல்லி, சென்ற வாரம் அந்த மாணாக்கனுக்கு ஒரு படத்தையுங் காட்டினேன். யேல் தம் மருகர் கவென்டிஷ் பிரபு முதலியோரோடு மேசையில் அமர்ந்திருக்கும் ஓவியத்தின் அச்சுப்படி அது. ஒரு பக்கத்திலே கறுத்த சிறுவன் ஒருவன் நிற்கின்றான். கழுத்தில் உலோகப் பட்டை பூட்டப்பட்டுள்ளது. யேல் சர்வகலாசாலையினர் 2020இல் அவ்வோவியத்தைச் சுவரிலிருந்து இறக்கி ஆராய்ந்து, 2022இல் அச்சிறுவனையும் தலைப்பிற் சேர்த்து மீண்டும் தூக்கினர். அடிமை வாணிகத்தோடு தமக்கிருந்த தொடர்புக்காக 2024இல் மன்னிப்பும் கேட்டனர். மாணாக்கன் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, இவன் பெயர் என்ன ஐயா என்றான். ஆராய்ந்தவர்களுக்கே அது கிடைக்கவில்லை என்றேன்.

அன்றிரவு பெட்டகத்தைத் திறந்து, எங்கள் பழைய சீதன உறுதி ஒன்றை எடுத்தேன். இலங்கையில் 1844இல் அடிமை முறை ஒழியுமுன் எழுதப்பட்டது. வமிசாவளி எழுதிய நாளில் எனக்கு வேண்டிய பெயர்களை மாத்திரம் அதிலிருந்து பெயர்த்துக்கொண்டு மடித்துவைத்தேன். இம்முறை முழுதும் வாசித்தேன். காணியின் எல்லைகள், பனைகளின் தொகை, கிணற்றுப் பங்கு, வழி வாய்க்கால், அவற்றின் கீழே ஒரு பெண்ணும் மூன்று பிள்ளைகளும். பெண்ணுக்கு வள்ளி என்று பெயர் எழுதியிருக்கின்றது. பிள்ளைகளுக்குத் தொகை மட்டுமே உண்டு.