கிந்தனார் ஏறிய ரயில்

பேசாப் படங்களில் சாப்ளின் உலகையே சிரிக்க வைத்தார். தமிழ்ப் படம் 1931-ல் பேசத் தொடங்கிய பின் நமக்கு வாய்த்தவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்.

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்தார். வறுமை பள்ளிப் படிப்பை நிறுத்தியது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவன் பின்னர் மேடையேறினான். 1935-ல் ‘மேனகா’ படம். பிறகு டி. ஏ. மதுரத்தோடு இணைந்து நடித்த படங்கள் எத்தனையோ!

1944-ல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறை சென்றார். மதுரம் அம்மையார் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போராடினார். 1947-ல் விடுதலை கிடைத்தது. வெளியே வந்தவர் கசப்பையா கொட்டினார்? 1949-ல் ‘நல்லதம்பி’ படத்தில் கிந்தனார் காலட்சேபம் செய்தார்! தில்லை காணத் துடித்தார் நந்தனார். கல்வி காணத் துடிக்கிறான் தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்த கிந்தன். பட்டணத்துக்கு ரயிலேறுகிறான், படித்துக் கல்வி அதிகாரியாகத் திரும்புகிறான். பள்ளிக்கூடம் தன்னைக் கைவிட்ட ஒருவர் பாடியதால்தானோ என்னவோ, அந்தக் கேலியில் இத்தனை ஏக்கம்.

1957-ல், 48 வயதில் கலைவாணர் மறைந்தார். அப்போது என் தந்தை பிறக்கவே இல்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கும்மிடிப்பூண்டி தொழிற்சாலை ஒன்றில் கூலி வேலை பார்த்து, மாதந்தோறும் எனக்கு ரயில் சீசன் டிக்கெட் எடுத்துத் தருகிறார் தந்தை. தொலைக்காட்சியில் ‘நல்லதம்பி’ போட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார். பாட்டில் கிந்தன் ரயிலேறும் இடத்தில் மட்டும் சிரிப்பதில்லை.